பரதத்தில் பழகிய கை, பாலேயில் ஏன் நின்று நின்று போகிறது?

கல்லடிக்காரி

எல்லோருக்கும் வணக்கம். மட்டக்களப்பில் சிறுவர்களுக்குப் பரதநாட்டியம் கற்பிக்கிறேன். கல்லடி சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் படித்தவள். சில காலமாக இணையவழியில் பாலே நடனமும் கற்று வருகிறேன். இரண்டையும் அறிந்தவர்கள் இங்கே இருப்பார்கள் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன்.

கால்களைப் பற்றி எனக்குப் பெரிய கவலை இல்லை. முழங்கால்களை வெளிப்புறமாக மடித்து நிற்கும் அரைமண்டியில் வளர்ந்த இடுப்புக்குத் தொடையை வெளிப்புறமாகத் திருப்புவது புதிதல்ல. சிக்கல் கைகளில்தான். ஆசிரியை வகுப்புக்கு வகுப்பு ஒரே குறிப்பைத்தான் தருகிறார்: "உங்கள் கை சரியான இடத்துக்கு வந்துவிடுகிறது. அது வந்த வழியைத்தான் நான் காணவில்லை." கைத்தொலைபேசியில் எடுத்த காணொளியை மெதுவாக ஓடவிட்டுப் பார்த்தேன். அவர் சொல்வது அப்படியே தெரிகிறது. கை கீழிருந்து முதலாம் நிலைக்கு, அதாவது உடம்புக்கு முன்னால், வந்து நிற்கிறது. இரண்டாம் நிலைக்கு, அதாவது பக்கவாட்டில், திறந்து நிற்கிறது. தலைக்கு மேல் போய் நிற்கிறது. நிலைகள் சுத்தம், நடுவில் உயிர் இல்லை.

இந்த அசைவு உண்மையில் எங்கிருந்து தொடங்க வேண்டும்? முழங்கையை எப்படித் தாங்குவது? பதாக முத்திரையில் இறுகிய விரல்களை என்ன செய்வது? எல்லாவற்றையும்விட ஒரு கவலை: இதைப் பழகினால் என் நாட்டியாரம்பம், பரதத்தில் கைகளைத் தோள் மட்டத்தில் நீட்டிப் பிடிக்கும் அந்த ஆரம்ப நிலை, கெட்டுவிடுமா? நாளைக்கு என் பிள்ளைகளுக்குப் பரதத்தின் அடிப்படை அசைவுகளான அடவுகளைச் சொல்லிக்கொடுக்க வேண்டியவள் நான்.

வாவிக்கரை

வணக்கம் சகோதரி. கொழும்பில் சிறு வயதிலிருந்து பாலே கற்றவள் நான். திருமணமாகி மட்டக்களப்புக்கு வந்தேன். உங்கள் கேள்வி எனக்கு மிகவும் நெருக்கமானது. பரதம் பயின்ற பிள்ளைகள் என்னிடம் வரும்போது அவர்களின் கைகளில் இதையேதான் பார்க்கிறேன்.

அடவில் கை தாளத்துக்கு வந்து சேர்கிறது. தட்டு விழும்போது கை அங்கே இருந்தாக வேண்டும். இல்லையென்றால் அங்கசுத்தம், அதாவது உடல் நிலைகளின் சுத்தம், போய்விட்டது என்பார்கள். பாலேயில், முக்கியமாக மெதுவான அடாஜியோவில், கை தாளத்தைக் கடந்துகொண்டே போகிறது. இரண்டாம் நிலையை அடைந்த கணத்திலேயே அடுத்த பயணத்துக்கான மூச்சு உள்ளே போயிருக்கும். போர் டி பிரா என்ற கைப் பயிற்சிகள் எல்லாம் நிலைகளுக்கு இடைப்பட்ட இந்த வழிக்காகவே உள்ளன. உங்கள் உடம்பு பல வருடங்களாகச் சரியாகச் செய்துவந்த ஒன்றுதான் இங்கே குறுக்கே நிற்கிறது. ஆகவே "கையைத் தளர்த்துங்கள்" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். தளர்ந்த கை பாலேயிலும் அழகில்லை.

எங்கிருந்து தொடங்குவது? முதுகிலிருந்து. மாலையில் கல்லடிப் பாலத்தடியில் வீச்சுவலை எறிபவரைக் கொஞ்சம் நின்று பாருங்கள். வலையின் ஒரு பகுதி முழங்கையில் தொங்கும். ஈயக்குண்டுகளின் பாரம் அவருக்குத் தெரியும். முதலில் திரும்புவது இடுப்பு. பிறகு முதுகு. பிறகு தோள், முழங்கை. விரல்கள்தான் கடைசி. வலை போய் வாவியில் விரிந்த பிறகும் அவருடைய கை அது போன திசையிலேயே நீண்டிருக்கும். பாலேயின் கைக்கு வேண்டிய ஒழுங்கு முழுவதும் அதில் இருக்கிறது: உடம்பின் நடுவில் பிறந்து விரல் நுனியில் முடிவது, முடிந்த பிறகும் நின்றுவிடாமல் இருப்பது.

இதைப் பழக ஒரு வழி சொல்கிறேன். கைகளை இரண்டாம் நிலையில் வைத்துக்கொள்ளுங்கள். மூச்சை உள்ளே எடுக்கும்போது உள்ளங்கை மெல்லக் கீழ்நோக்கித் திரும்பி, கை ஒரு விரற்கடை நீளட்டும். இதை அலோஞ்சே என்பார்கள். மூச்சை விடும்போது முழங்கை முதலில் இறங்கட்டும். மணிக்கட்டு அதன் பின்னால் வரட்டும். விரல்கள் கடைசியாக வந்து சேரட்டும். ஆதி தாளத்தின் எட்டு அட்சரங்களையும் (எண்ணிக்கைகளையும்) இந்த ஓர் இறக்கத்துக்கே கொடுங்கள். நான்காவது அட்சரத்தில் கை எங்கே இருக்கிறது என்று யாராவது கேட்டால் உங்களால் காட்ட முடிய வேண்டும். அந்த நான்காவது, ஐந்தாவது, ஆறாவது அட்சரங்களில்தான் உங்கள் ஆசிரியை தேடும் வழி இருக்கிறது.

விரல்களைப் பற்றி: பதாகத்தில் நான்கு விரல்களும் ஒட்டி நீண்டிருக்கும், பெருவிரல் மடிந்து அழுத்தும். அதிலிருந்தே தொடங்குங்கள். பெருவிரலின் அழுத்தத்தை விட்டு, அதை நடுவிரலின் பக்கமாக உள்ளே கொண்டுவாருங்கள். நடுவிரல் மற்றவற்றைவிடச் சற்று உள்ளே சாயட்டும். சுட்டுவிரலும் சின்னவிரலும் கொஞ்சம் உயர்ந்து நிற்கட்டும். மணிக்கட்டு மடியக் கூடாது, விறைக்கவும் கூடாது. முன்கையின் வளைவு விரல் நுனி வரை ஒரே கோடாகப் போக வேண்டும்.

காரைதீவு அம்மா

பிள்ளைகளே, நான் முழுக்கப் பரதக்காரி. பாலேயை மேடையில் பார்த்து ரசித்திருக்கிறேன்; பழகியதில்லை. ஆனாலும் கல்லடிக்காரியின் கடைசிக் கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லையே என்றுதான் எழுதுகிறேன்.

கெடும். ஓராண்டு, ஈராண்டு நவீன நடனம் பழகிவிட்டு வந்த பிள்ளைகளின் பதாகத்தைப் பார்த்திருக்கிறேன். விரல்களுக்கு நடுவே காற்றுப் போகிறது. மணிக்கட்டு விழுகிறது. நாட்டடவு செய்யும்போது கை போய்ச் சேரும் இடத்தில் ஒரு திண்மை வேண்டும். அது இல்லாமல் கை ஊர்ந்துகொண்டு போகிறது. ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்று நின்றால் இரண்டிலும் நிலை இருக்காது. அரங்கேற்றத்துக்கு முன்னால் ஒரு பிள்ளை இதைச் செய்வதை நான் ஒருபோதும் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

இன்னொன்று. கை முதுகிலிருந்து வருகிறது என்று வாவிக்கரை சொன்னது பாலேக்கு மட்டும் உரியதல்ல. நல்ல குரு நாட்டியாரம்பத்தையும் அப்படித்தான் கற்றுத்தருவார். தோளால் கையைத் தூக்கிப் பிடித்திருக்கும் பிள்ளைக்கு ஒரு ஜதி முடிவதற்குள் முழங்கை தொங்கிவிடும். முதுகால் பிடித்திருக்கும் பிள்ளை வர்ணம் என்ற நீண்ட உருப்படி முழுவதும் அப்படியே நிற்பாள். கண்ணும் அப்படித்தான். கைவழி நயனம் என்பதைப் பிள்ளைகள் மனப்பாடமாகச் சொல்வார்கள். செய்யும்போது பார்வை கண்ணாடியில் இருக்கும்.

கல்லடிக்காரி

அம்மா, நீங்கள் எழுதியதற்கு மிகுந்த நன்றி. இந்தக் கண்டிப்பு எனக்கு வேண்டும். பிள்ளைகளுக்கு இப்போது நான் பாலே சொல்லிக்கொடுக்கவில்லை. என் சொந்தப் பயிற்சிக்குத்தான். வாவிக்கரை, எட்டு அட்சரப் பயிற்சியைச் செய்து பார்த்தேன். ஐந்தாவது அட்சரத்துக்கு வரும்போது தோள் காதை நோக்கி ஏறுகிறது. அதை அமுக்கினால் கழுத்தடியில் ஓர் இறுக்கம். இது எதனால்?

சம்மாந்துறை இயன்மருத்துவர்

அனைவருக்கும் ஸலாமும் வணக்கமும். நடனம் எனக்குத் தெரியாது, தோள்மூட்டுத் தெரியும். தங்கை கேட்டது என் துறைக்குள் வருவதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

கையைப் பக்கவாட்டாகத் தலைக்கு மேல் வரை தூக்கினால் அது ஏறத்தாழ 180 பாகை அசைகிறது. அத்தனையும் தோள்மூட்டில் நடப்பதில்லை. சுமார் 120 பாகை மூட்டிலும், மீதி 60 பாகை தோள்பட்டை எலும்பு முதுகின் மேல் வழுக்கித் திரும்புவதாலும் கிடைக்கிறது. தூக்கத் தொடங்கும்போது மூட்டின் பங்கு அதிகம். கை உயர உயரத் தோள்பட்டை எலும்பும் கூடவே திரும்பியாக வேண்டும். அந்த எலும்பை மேல்நோக்கித் திருப்புவதில் மூன்று இடங்களில் உள்ள தசைகள் சேர்ந்து வேலை செய்கின்றன. கழுத்திலிருந்து தோளுக்கு வரும் தசை ஒன்று. முதுகின் நடுப்பகுதியிலிருந்து மேலே ஏறும் தசை ஒன்று. விலா எலும்புகளின் பக்கத்திலிருந்து தோள்பட்டை எலும்பின் உள்விளிம்புக்கு, அந்த எலும்பின் அடியால் போகும் தசை ஒன்று. கடைசி இரண்டும் சோம்பியிருந்தால் முழுப் பாரமும் கழுத்துத் தசையின் தலையில் விழும். தோள் காதுக்கு ஏறுவது அப்போதுதான்.

இந்த இடத்தில் எல்லா நடன ஆசிரியர்களும் சொல்வது "தோளை இறக்கு" என்பதே. கை தோள் மட்டத்துக்குக் கீழே இருக்கும்வரை அதில் தவறில்லை. கை மேலே போகும்போது தோளைப் பலவந்தமாகக் கீழே அமுக்கினால், திரும்ப வேண்டிய தோள்பட்டை எலும்பு திரும்ப முடியாமல் தடைப்படும். மேற்கை எலும்பின் தலைக்கும் அதன் மேலுள்ள எலும்புக் கூரைக்கும் நடுவில் தசைநார்கள் நெரிபடலாம். அமுக்குவதற்காக நீங்கள் செலவிடும் பலம்தான் கழுத்தடியில் இறுக்கமாக உணரப்படுகிறது. ஆகவே தோளை இறக்க நினைக்காதீர்கள். அக்குளுக்குப் பின்னால் உள்ள தோள்பட்டை எலும்பின் கீழ்முனை விலாவைச் சுற்றி முன்பக்கமாக வழுக்கிப் போகிறது என்று நினையுங்கள். தோழி ஒருவரின் கையை அந்த முனையில் வைக்கச் சொல்லுங்கள். கை ஏறும்போது அந்த முனை அவருடைய விரல்களிலிருந்து விலகி வெளியே போக வேண்டும். அது அசையாமல் தோள் மட்டும் உயர்ந்தால் வேலை தவறான இடத்தில் நடக்கிறது.

பாயில் மல்லாந்து படுத்துச் செய்வது இன்னும் நல்லது. முழங்காலை மடித்து, கீழ்முதுகு வில்லாக எழாமல் பார்த்துக்கொண்டு, கைகளை நிலத்தோடு ஒட்டியபடி தலைக்கு மேல் கொண்டுபோங்கள். நெஞ்சுக்கூடு எழும்புகிறதா என்று பாருங்கள். பலருக்குக் கை உயர்வது போலத் தோன்றும். உண்மையில் எழுவது விலா எலும்புகள். அப்படியானவர்களின் கை நின்ற நிலையில் எவ்வளவு அழகாக இருந்தாலும் இடுப்பிலிருந்து விரல் வரையுள்ள கோடு முறிந்திருக்கும்.

கையில் மரத்துப்போதல், மின்சாரம் பாய்வது போன்ற உணர்வு, இரவில் தோள்வலி ஆகியவை இருந்தால் பயிற்சியை நிறுத்தி நேரில் ஒருவரிடம் காட்டுங்கள்.

கூத்துக்களரி

நான் கொக்கட்டிச்சோலைப் பக்கம். சிறு வயதிலிருந்து வடமோடிக் கூத்து ஆடியவன். இதை வாசித்தபோது எனக்கு ஒன்று தோன்றியது; தொடர்பில்லாமல் பேசுகிறேன் என்றால் சொல்லுங்கள்.

எங்கள் வட்டக்களரியில் மக்கள் சுற்றிவர இருக்கிறார்கள். கூத்தைப் பழக்கும் அண்ணாவியார் மத்தளத்தோடு களரிக்குள்ளேயே நிற்கிறார். அரசனாக வருபவன் வாளைத் தூக்கினால் அதை ஒரு திசைக்காகத் தூக்குவதில்லை. ஒருவருக்கு அவன் முதுகு தெரியும்போது எதிரே இருப்பவருக்கு முகம் தெரியும். ஆட்டத்தின் சுற்று எல்லோருக்கும் எல்லாவற்றையும் கொடுத்துவிடும். ஆகவே எங்களிடம் கையின் கோடு என்று தனியாக யாரும் பேசியதில்லை. ஆட்டத்தின் விசையும் கால்மிதியும்தான் பேச்சு.

1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் கூத்தைப் படச்சட்ட மேடைக்குக் கொண்டுவந்தார். அந்த மேடையில் முன்பக்கம் ஒன்றுதான். அங்கே ஆடுபவனுக்குப் புதிய கேள்வி வந்துவிடுகிறது: சபைக்கு என் கை எப்படித் தெரிகிறது? நெஞ்சுக்கு நேராகப் பிடித்த வாள் களரியில் வீரமாக இருக்கும். படச்சட்ட மேடையில் அதே வாள் சபையை நோக்கி நீண்டால் ஒரு புள்ளியாகச் சுருங்கிவிடும். உடம்பைச் சற்றுச் சாய்த்துத் திருப்பினால்தான் வாளின் முழு நீளமும் தெரியும்.

பாலேயில் கோடு கோடு என்று இவ்வளவு பேசுவது அது ஒரு பக்கத்திலிருந்து பார்க்கப்படும் கலை என்பதால்தானா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வாவிக்கரை

கூத்துக்களரி அண்ணா, தொடர்பில்லை என்று சொல்லாதீர்கள். இந்த இழையில் வந்தவற்றில் மிக முக்கியமான கேள்வி இதுதான்.

ஆம், பெரும்பகுதி அதனால்தான். பிரான்சில் பதினான்காம் லூயி மன்னன் 1661இல் நடனத்துக்கென ஒரு கழகத்தை நிறுவினான். பாலே அதற்கு முன் அரண்மனைக் கூடங்களில் ஆடப்பட்டது. பார்ப்பவர்கள் பல பக்கங்களிலும் மேல்மாடங்களிலும் இருந்தார்கள். தரையில் ஆடுபவர்கள் வரையும் கோலமே அன்று பெரிதாகப் பேசப்பட்டது. படச்சட்ட மேடைக்குப் போன பிறகு ஒரே உடம்பு ஒரே பக்கத்துக்கு எப்படித் தெரிகிறது என்பது கலையின் மையமாகிவிட்டது. அதிலிருந்து வளர்ந்தவைதான் குரோய்சே, எஃபாசே என்ற திசைகள். சபையைப் பார்த்து நேராக நிற்காமல் மூலைக்குச் சாய்ந்து நிற்கிறோம். கால்கள் ஒன்றையொன்று குறுக்கிடுவதாகத் தெரிந்தால் குரோய்சே. திறந்து தெரிந்தால் எஃபாசே. அதோடு தோளும் தலையும் திரும்பும் நுணுக்கம் சேர்கிறது. அதன் பெயர் எபோல்மோன்.

கல்லடிக்காரி, உங்களுக்கு இது நேரடியாக உதவும். நீங்கள் போர் டி பிராவைக் கைத்தொலைபேசிக்கு முன்னால் நேராக நின்றுதான் பழகுகிறீர்கள் என்று நினைக்கிறேன். குரோய்சேயில் நின்று பாருங்கள். முன்னால் இருக்கும் தோளை நோக்கித் தலை திரும்பட்டும். விலா எலும்புகள் இடுப்பின் மேல் மெல்லச் சுழலட்டும். முதுகு ஏற்கெனவே அசைந்துவிட்டதால் கைக்கு இனி நின்று தொடங்க இடமில்லை. எத்தனையோ பரத மாணவிகளின் கை இந்த ஒரு திருப்பத்தில் ஓடத் தொடங்கியதைக் கண்டிருக்கிறேன்.

அரபெஸ்க்கிலும் இதே கதைதான். முதலாம் அரபெஸ்க்கில் ஒரு காலில் நிற்கிறோம், மற்றக் கால் பின்னால் நீள்கிறது, நிற்கும் காலின் பக்கத்துக் கை முன்னால் போகிறது. எல்லோரும் முன்னால் போகும் கையை இன்னும் நீட்ட வேண்டும் என்று தோளையே மூட்டிலிருந்து முன்னால் தள்ளிவிடுவார்கள். கை நீள்வதில்லை; கழுத்துத்தான் குறுகுகிறது. இயன்மருத்துவர் சொன்ன அந்த விலாப்பக்கத் தசையிலிருந்து கையை அனுப்புங்கள், தோள் இருந்த இடத்திலேயே இருக்கட்டும். பின்னால் போகும் காலும் முன்னால் போகும் விரலும் ஒன்றையொன்று எதிர்த்து இழுக்கும் அந்த இழுவைதான் சபைக்குக் கோடாகத் தெரிகிறது. பார்வை முன்னால் நீண்ட கையின் விரல் நுனியைத் தாண்டிப் போக வேண்டும். விரலிலேயே நின்றால் கோடும் அங்கேயே நின்றுவிடும்.

இணையவழியில் பல காணொளிகளையும் பார்ப்பீர்கள் என்பதால் ஓர் எச்சரிக்கை. ரஷ்யாவில் அக்ரிப்பினா வகனோவா (1879–1951) வகுத்த முறையில், தயார்நிலை தவிரக் கைக்கு மூன்று நிலைகள்தான். தலைக்கு மேல் இரு கைகளும் வட்டமாக இருப்பது மூன்றாம் நிலை. இத்தாலியரான என்ரிக்கோ செக்கெற்றியின் (1850–1928) முறையில் ஐந்து நிலைகள். அதே வட்டம் அங்கே ஐந்தாம் நிலையின் உயர்ந்த வடிவம். இரண்டையும் கலந்து பார்த்தால் தலை சுற்றும். உங்கள் ஆசிரியை எந்த முறையைச் சேர்ந்தவர் என்று கேட்டு, குறைந்தது தொடக்க காலத்திலாவது அதையே பின்பற்றுங்கள்.

காரைதீவு அம்மாவுக்கு மரியாதையோடு ஒன்று சொல்கிறேன். ருக்மிணி தேவி அருண்டேல் 1920களின் இறுதியில் ரஷ்ய பாலே கலைஞர் அன்னா பாவ்லோவாவின் நட்பால் பாலேக்குள் வந்தவர். பாவ்லோவாவின் குழுவில் ஆடிய கிளியோ நோர்டியிடம் அவர் பாலே கற்றார். உங்கள் நாட்டுக் கலையைத் தேடுங்கள் என்று அவரைத் தூண்டியதும் பாவ்லோவாதான். 1936இல் அவர் தொடங்கிய கலாக்ஷேத்ரா நடனப் பள்ளியின் அங்கசுத்தம் கெட்டுப்போனது என்று யாரும் சொன்னதில்லை அம்மா. உடம்பின் கோட்டைக் கூர்ந்து பார்க்கும் கண் அவருக்கு இரண்டு பக்கத்திலிருந்தும் வந்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

அக்கரைப்பற்று மாணவி

டீச்சர்மாருக்கு வணக்கம். நான் பரதம் படிக்கிறேன், உயர்தரத்தில் நடனமும் ஒரு பாடம். எனக்கு முழங்கை பின்பக்கமாக அளவுக்கு மீறி வளைகிறது. கையை நீட்டினால் நேராக இல்லாமல் கீழே தொய்ந்து தெரிகிறது. நாட்டியாரம்பத்திலும் இதற்காகவே எப்போதும் திருத்தம் வாங்குகிறேன். முழங்கையை மேலே தூக்கு என்கிறார்கள். தூக்கினால் தோளும் சேர்ந்து எழுகிறது. என்ன செய்வது?

சம்மாந்துறை இயன்மருத்துவர்

மகள், இது நோயல்ல, மூட்டின் அமைப்பு. கவனமாகப் பழகினால் போதும். முதலில் முழங்கையின் கூர்முனை எங்கே பார்க்கிறது என்று பாருங்கள். உங்களுக்கு அது நிலத்தைப் பார்க்கிறது என்று ஊகிக்கிறேன். மேற்கையைத் தோள்மூட்டில் சற்று உள்நோக்கிச் சுழற்றுங்கள். கூர்முனை பின்சுவரைப் பார்க்கும். தொய்வு உடனே மறையும். தோளை உயர்த்த வேண்டிய தேவையும் இராது. பிறகு மேற்கையை அசைக்காமல் முன்கையை மட்டும் திருப்பி உள்ளங்கையை வேண்டிய பக்கம் கொண்டுவாருங்கள். மேற்கையும் முன்கையும் எதிரெதிர்த் திசையில் திரும்புகின்றன. இது கைவரக் கொஞ்சம் காலம் எடுக்கும்.

மூட்டு பூட்டிக்கொள்ளும் எல்லைக்கு ஒரு சிறிது முன்பே நிறுத்துங்கள். உங்களுக்கு அது மடிந்திருப்பதாகவே தோன்றும். கண்ணாடியில் நேராகத் தெரியும். அந்த இடத்தில் முன்தசையும் பின்தசையும் சேர்ந்து பிடிக்கப் பழக்க வேண்டும். பூட்டிய மூட்டில் தொங்குவது நாளடைவில் மூட்டுக்கும் நல்லதல்ல.

வாவிக்கரை

மேலே உள்ளதை இரண்டு தடவை வாசியுங்கள் தங்கச்சி. பாலேயின் இரண்டாம் நிலைக்கும் இதுவே உயிர். ஒரு வேறுபாடு மட்டும்: நாட்டியாரம்பத்தில் முழங்கை தோள் மட்டத்தில் நிற்கிறது. பாலேயில் தோளிலிருந்து முழங்கை சற்றுக் கீழே, முழங்கையிலிருந்து மணிக்கட்டு இன்னும் கீழே, முழுக் கையும் உடம்புக்குக் கொஞ்சம் முன்னால். பக்கவாட்டில் நிற்கும் உங்கள் கையை நேரே பார்த்துக்கொண்டிருக்கும்போதே கடைக்கண்ணால் காண முடிய வேண்டும். காண முடியவில்லை என்றால் கை பின்னால் போய்விட்டது.

காரைதீவு அம்மா

ருக்மிணி தேவியைப் பற்றி வாவிக்கரை சொன்னது சரி. ஆனால் மகள், பாலேக்குப் பிறகு அவர் பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் போய் உட்கார்ந்து கற்றார். அந்தக் குருவிடம் பெற்றதுதான் மேடையில் நின்றது. வளர்ந்த ஒருத்தி கண்ணைத் திறந்துகொண்டு இரண்டையும் கற்பதை நான் தடுக்கவில்லை. பதாகம் என்ன என்று இன்னும் உடம்பில் ஏறாத பத்து வயதுப் பிள்ளைக்குத்தான் வேண்டாம் என்கிறேன். அதில் மாற மாட்டேன்.

அக்கரைப்பற்றுப் பிள்ளைக்குச் சொன்ன முழங்கைத் திருத்தத்தை இன்று என் மாணவி ஒருத்திக்குச் செய்வித்தேன். அவளுக்கும் அதே தொய்வுதான். முழங்கையின் முனையைப் பின்னே பார்க்க வைத்தபோது நாட்டியாரம்பம் தானாக எழுந்து நின்றது. இயன்மருத்துவர் தம்பிக்கு என் ஆசீர்வாதம்.

இன்னொரு கேள்வி. இவ்வளவும் எலும்பும் தசையும்தான். பாவம், அந்த உணர்ச்சி வெளிப்பாடு, எங்கே? எங்களுக்கு முகம் இருக்கிறது, பொருள் சொல்லும் கைமுத்திரையான அத்தம் இருக்கிறது. பொருளில்லாத வளைந்த கையை வைத்துக்கொண்டு பாலேயில் எதைச் சொல்கிறார்கள்?

வாவிக்கரை

அம்மா, இதைத்தான் எழுத வேண்டும் என்று காத்திருந்தேன்.

பாலேயிலும் கதை சொல்லும் சைகைகள் உண்டு. மோதிரவிரலைக் காட்டினால் திருமணம், நெஞ்சில் கைவைத்தால் அன்பு என்று ஒரு சிறு அகராதி. பரதத்தின் அத்தங்களோடு ஒப்பிட்டால் அது மிகச் சிறியது. பாலேயின் பெரிய பேச்சு அங்கே இல்லை. கை எவ்வளவு வேகத்தில் போகிறது, மூச்சு எங்கே விழுகிறது, தலை கைக்கு முன்பா பின்பா திரும்புகிறது என்பவற்றில்தான் இருக்கிறது.

நடன அமைப்பாளர் மிக்கேல் ஃபோக்கின் பாவ்லோவாவுக்காக அமைத்த, சாகும் அன்னத்தின் நடனத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சில நிமிடங்கள்தான். கால்கள் பெரும்பாலும் நுனியில் நின்று சிறுசிறு அடிகளாக நகர்கின்றன; பெரிய பாய்ச்சல் இல்லை, சுழற்சி இல்லை. சொல்ல வேண்டிய அனைத்தையும் கைகளும் முதுகும் சொல்கின்றன. பிற்காலத்தில் மாயா பிளிசெட்ஸ்காயா (1925–2015) அதே நடனத்தில் புகழ்பெற்றார். அவருடைய கையில் முழங்கை எங்கே, மணிக்கட்டு எங்கே என்று கண்டுபிடிக்க முடியாது. அசைவு தோள்பட்டையில் எழுந்து விரலுக்குப் போவதற்குள் அடுத்த அசைவு பின்னால் எழுந்துவிடும். அங்கே கை எதையும் குறிப்பதில்லை. ஓர் உயிர் எழ முயல்கிறது, பலம் போதவில்லை. அதைக் கையின் பாரத்திலேயே காண்கிறோம்.

எல்லாப் பாலேயும் இப்படியல்ல என்பதையும் சொல்ல வேண்டும். டென்மார்க்கின் ஒகஸ்ட் பூர்னொன்வில் (1805–1879) வளர்த்த மரபில் கால்கள் மின்னலாக வேலை செய்யும்போது கைகள் தாழ்ந்து அமைதியாக இருக்கும். அமைதியான கையும் ஒரு பேச்சுத்தான். இவ்வளவு கடினமான ஒன்றை நான் சிரமமின்றிச் செய்கிறேன் என்ற மகிழ்ச்சி அதில் தெரியும்.

கல்லடிக்காரி பதம் என்ற அபிநய உருப்படிகளையும் ஆடுபவர். காதலன் வரும் வழியை நாயகி பார்த்திருக்கும் இடத்தில் முத்திரை முடிந்த பிறகும் கை ஒரு கணம் அந்தத் திசையிலேயே தங்குமல்லவா? தாளம் அங்கே கையைக் கட்டாயப்படுத்துவதில்லை. உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் அந்த அபிநயக் கையை அடாஜியோவுக்குக் கொண்டுவாருங்கள். நிருத்தத்தின், அதாவது பொருள் சொல்லாத தாள நடனத்தின், கையைக் கொண்டுவந்ததுதான் நின்று நின்று போகிறது.

கல்லடிக்காரி

இது எனக்குத் தோன்றவே இல்லை. அபிநயக் கை! இன்று மாலையே செய்து பார்க்கப் போகிறேன். கச்சான் காற்று வீசி வீடு முழுக்கப் புழுதியாகக் கிடக்கிறது. இருந்தாலும் மண்டபத்தைக் கூட்டிவிட்டுத் தொடங்கலாம். கூத்துக்களரி அண்ணா, அம்மா, இயன்மருத்துவர் அண்ணா, எல்லோருக்கும் நன்றி. ஒன்று மட்டும் கேட்டு விடுகிறேன்: காணொளியை எந்தப் பக்கத்திலிருந்து எடுத்தால் உங்களுக்குப் பார்த்துச் சொல்ல வசதி?

வாவிக்கரை

முன்னால் இருந்து ஒன்று, முதுகுப்புறமிருந்து ஒன்று. முதுகுப்புறக் காணொளிதான் எனக்கு முக்கியம். தோள்பட்டை அசைவது தெரியும்படி உடலோடு ஒட்டிய மேற்சட்டை போடுங்கள், தாவணியை எடுத்துவிடுங்கள், பின்னலைக் கொண்டையாகக் கட்டிக்கொள்ளுங்கள். குரோய்சேயில் நின்று, இரண்டாம் நிலையிலிருந்து கீழே இறங்கி மறுபடி முதலாம் நிலை வழியாகத் தலைக்கு மேல் போகும் சுற்று. பாட்டு வேண்டாம். நீங்களே வாயால் அட்சரம் எண்ணுங்கள். எண்ணும் குரலில் எங்கே மூச்சு நிற்கிறது என்பதையும் கேட்க வேண்டும்.